கொதிக்காத சிவப்பு

—நீலம்னா நீலந்தாம்ப்பா. இன்னும் நூறு தடவை கேளு, அதையேதான் சொல்லுவேன். வேணும்னா கல்லுல வெட்டித் தாரேன், தூக்கிட்டுப் போ.

—கோவிச்சுக்காதீங்க தண்டாயுதபாணி மாமா. சிம்பிள் மேட்டருங்க. கிளப்பு ஆரம்பிச்சு அம்பது வருசம். ஞாயித்துக்கெழமை விழா மேட்ச்சு. மொத மொதல்ல எந்தக் கலர் பனியன் போட்டு எறங்குனமோ, அதே கலர்ல பசங்க எறங்கோணும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. திருப்பூர்ல பிரிண்டிங்காரன் பொழுது உழறதுக்குள்ள கலர் சொல்லுங்கறான்.

—அப்பறம் என்ன? சொல்லு, நீலம்னு சொல்லு. நீதான செக்ரட்டரி ஈஸ்வர், உனக்கு வாயில்லையா?

—நீலம் எதனால வந்துச்சு மாமா?

—எதனாலன்னா? ஒரு சேலை ஆர்டருக்கு நூல் நனைச்சோம். சாயம் மிஞ்சிப்போச்சு. அதுல பனியனப் போட்டு எடுத்தோம். அவ்வளவுதான்.

—போன மாசம் விழா மலருக்குப் பேட்டி குடுத்தப்ப, வானத்தோட நெறம்னு தேர்ந்தெடுத்தோம்னு சொன்னீங்க. அதுக்கு மின்னாடி எங்கிட்டயே, முருகன் மயில் நீலம்னு சொன்னீங்க.

—எல்லாந்தான். ஒரு நெறத்துக்கு ஒரு காரணந்தான் இருக்கோணுமா? கெரகம், நீ என்ன போலீசா?

—மாமா, நோட்டப் பாத்தேனுங்க. நீங்க கைப்பட எழுதுன கிளப்பு நோட்டு. தை மாசம் பொங்கல் கழிச்சு ஆடுன மேட்ச்சுல இருந்துதான் ஆரம்பிக்குது. ஆனா அதுக்கு மின்னாடி நாலு பக்கம் கிழிஞ்சிருக்குது. நூல் கோத்த எடத்துல துண்டு துண்டாப் பேப்பர் நிக்குது.

—கரையான் அரிச்சிருக்கும்.

—கரையான் நேர்கோட்டுல அரிக்குமுங்களா? ஓமலூர் டீம்காரங்க நோட்டுல, அந்த வருசம் ஆடி மாசமே நம்ம வளர்பிறை டீமோட ஆடுனதா எழுதியிருக்குது. அப்ப நம்ம மொத மேட்ச்சு தை மாசம் இல்லீங்க, ஆடி. அதப்பத்தி ஊருக்குள்ள ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. எங்கப்பா முருகானந்தம் உங்களோட லெஃப்ட் அவுட் ஆடுனவர்தான? சாகற வரைக்கும் செகப்புச் சட்டை ஒண்ணு போட்டதில்ல. கல்யாணத்துக்குக் கூட வேண்டாம்னுட்டாராம். கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு.

—பெரியவங்க பேசலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். உடேன் அத.

—அமாவாசைக்கு அமாவாசை மட்டுந்தான் ஆடுவீங்களாமே, அதாச்சும் நெசமா?

—அது நெசந்தான். தறிக்காரனுக்கு மாசத்துல ஒரே நாள்தான் லீவு, அமாவாசை. அன்னைக்குத் தறி ஓட்டக்கூடாது, சாயப்பட்டறையில அடுப்பு பத்த வெக்கக்கூடாது. வேற என்ன பண்றது? ஏரிக்குள்ள தண்ணி வத்துன எடத்துல பந்து ஒதைப்போம். பக்கத்து ஊர்க்காரனுங்க "அமாவாசைக் கோஷ்டி வருதுடோய்"னு கிண்டல் பண்ணுவானுங்க. ரோசம் வந்துதான் வளர்பிறைன்னு பேரு வெச்சோம். இதெல்லாம் எழுது. நல்லா இருக்கும். நெறத்த உட்ரு.

—இதத்தான மாமா மொதல்லயே சொல்லியிருக்கோணும். சரி, ஒண்ணே ஒண்ணு. மொத பனியன் நீலம் இல்ல, செகப்புன்னு ஒருத்தர் சொல்றாங்க.

—எவன் அவன்?

—அவன் இல்லீங்க. பெருமாயின்னு ஒரு அக்கா. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கற வேலை பாக்கறாங்களாம். விழா நோட்டீஸு யாரோ போன்ல காட்டியிருக்காங்க. அதுல என்ற நம்பரு இருந்துச்சா, கூப்புட்டுட்டாங்க. மாமா? ஏனுங்க, உங்களத்தான்.

—எந்தப் பெருமாயி?

—காத்தான்னு ஒருத்தரு உங்க சாயப்பட்டறையில வேலை செஞ்சாராமே, அவரு தங்கச்சியாம்.

—ஈஸ்வர், நீ கெளம்பு. நீலம்னு சொல்லிப்போட்டுப் போன வெய்யி. எனக்கு மாத்திரை போடற நேரம்.

—முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க மாமா. அந்தக்கா ரெண்டு பஸ்ஸு மாறி வந்து எறங்கியிருக்காங்க. நான்தான் வண்டியில வெச்சுக் கூட்டியாந்தேன். வாசல்ல நிக்கறாங்க. அக்கா, உள்ள வாங்க! செருப்பெல்லாம் பரவால்லைங்க, வாங்க.

—கும்புடறேனுங்கண்ணா.

—…வா அம்மிணி. ஒக்காரு. மேல ஒக்காரு, கீழ எதுக்கு ஒக்கார்றே? எந்திரி, நாற்காலி இருக்குதல்ல.

—இருக்கட்டுங்க. எனக்கு இதே பழக்கமுங்க.

—பழக்கம் கெடக்கட்டும், மேல ஒக்காரு. தண்ணி குடிக்கிறயா? வெயில்ல வந்திருக்கே.

—குடிச்சுட்டுத்தானுங்க வந்தேன். நல்லா இருக்கறீங்களாங்கண்ணா? தலையெல்லாம் வெளுத்துப்போச்சு.

—அக்கா, நேரா மேட்டருக்கு வந்துர்றேன். பிரிண்டிங்காரன் நிமிசத்துக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறான். மொத பனியன் என்ன கலருங்க?

—செகப்புங்க, சாமி.

—நீங்க பாத்தீங்களா?

—எங்கண்ணன் கூடவே போயி, கோல் கம்பத்துக்குப் பொறத்தால ஒக்காந்து பாத்தேனுங்க. அப்ப எனக்கு ஒம்பது வயசு. எங்கண்ணந்தானுங்க கோலு நின்னுச்சு.

—நோட்டுல மொத கோல்கீப்பர் வீரன்னு இருக்குதுங்களே.

—வீரண்ணன் அப்பறம் வந்தாருங்க. எங்கண்ணனுக்குப் பொறகு.

—மாமா, என்னங்க இது? நீங்க எழுதுன நோட்டுல அந்த ஆளு பேரே இல்ல. பனியனுக்கு முதுகுல மொத டீம் பேரு போடறதா இருக்கறோம். ஒண்ணாம் நம்பருக்கு வீரன்னு போடறதா, காத்தான்னு போடறதா?

—எனக்கு ஞாபகம் இல்ல.

—போன வாரங்கூட அம்பது வருசத்துக்கு மின்னாடி வித்த நூல் வெலைய மனப்பாடமாச் சொன்னீங்க!

—ஞாபகம் இல்லைன்னு சொல்றனல்ல!

—தம்பி, சத்தம் போடாதீங்க சாமி. அண்ணன் சொல்லுவாரு. எனக்குக் காசு பணம் ஒண்ணும் வேண்டாமுங்க. எங்கண்ணன் பேரு அந்த எடத்துல இருந்தாப் போதும். அவன் போட்டோ ஒண்ணு கூட இல்லீங்க எங்ககிட்ட. கல்யாணம் ஆகாத பையன், குடும்ப அட்டையிலயும் பேரில்ல. அவன் ஒருத்தன் இருந்தான்னு சொல்றதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். நானும் போயிட்டா அத்தோட சரி.

—இதோ அடிக்கறான் பாருங்க. அலோ, பிரபாகர்? இருப்பா, சிக்னல் கெடைக்கல, வெளிய வாரேன். மாமா, பத்து நிமிசம். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க. இல்லைன்னா அவன் வேற ஆர்டருக்கு மெசினை மாத்திருவான்.

—தம்பி வெளிய போயிட்டாருங்கண்ணா.

—எதுக்கு வந்தே பெருமாயி? இத்தன வருசம் கழிச்சு.

—சொன்னனே அண்ணா. பேருக்குத்தான்.

—என்னத் திட்டோணும்னா திட்டு. உங்கம்மா திட்டல. பொணம் எடுத்தப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு, "அமாவாசையில போன புள்ளைய காத்துக் கருப்பு அடிச்சிருச்சு சாமி, நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு அழுதுச்சு. நான் ஆமான்னு தலையாட்டுனேன். அன்னைக்கு ஆட்டுன தலை இது.

—அம்மா சாகற வரைக்கும் அதையேதான் நம்புச்சுங்க.

—நீயும் அதையேதான் நம்புறயா?

—நீங்க சொல்லுங்கண்ணா. உங்க வாயால கேக்கோணும்னுதான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்.

—என்னத்தச் சொல்றது? பதினோரு வெள்ளைப் பனியன் ஈரோட்டுல வாங்கிட்டு வரச் சொல்லி முருகானந்தத்த அனுப்புனோம். மத்தியானம் வரோணும். பஸ்ஸு வழியில நின்னு, பொழுது மசங்கத்தான் வந்து சேந்தான். விடிஞ்சா ஆடி அமாவாசை, ஓமலூர்ல மேட்ச்சு. நானும் உங்கண்ணனுந்தான் தொட்டியில போட்டு நனைச்சோம். அது பச்சத்தண்ணியிலயே ஏறுற சாயம். ஏறும், ஆனா நிக்காது. சோப்புத் தண்ணியில கொதிக்க வெச்சு அலசுனாத்தான் மேல ஒட்டுன சாயம் போயி, உள்ள இருக்கறது நிக்கும். அடுப்புல வெறகு கூட அடுக்கிட்டோம். எங்கப்பா வந்து நின்னுட்டாரு. "திதி பொறந்துருச்சு, அடுப்புல கை வெக்காத"ன்னாரு.

—அமாவாசையில பட்டறை அடுப்பு பத்தாதுங்களே.

—ஆமா. நானும் வெக்கல. காத்தாந்தான் சொன்னான். "அண்ணா, கொதிக்க வெக்காமப் போட்டா மழை வந்தா மானம் போயிருமுங்க"ன்னு சிரிச்சான். ஒரு நாளுதானடா, மழையாவது ஒண்ணாவதுன்னேன். சாயம் ஏறுன நூல் கட்டப் பிழிஞ்சு பிழிஞ்சு அவன் கை தேங்கா மட்டை மாதிரி இருக்கும். பதினோரு பனியனையும் அவந்தான் பிழிஞ்சு கொடியில போட்டான். அந்தக் கைக்காகத்தான் அவனக் கோலுக்கு நிறுத்துனதே. புடிச்சான்னா பந்து நழுவாது.

—காலையில அதப் போட்டுக்கிட்டு எங்க ஊட்டுக்கு வந்துச்சுங்க. அம்மாகிட்ட முன்னால திரும்பிப் பின்னால திரும்பிக் காட்டுச்சு. அதுக்குப் புதுசுன்னு ஒண்ணு கெடைச்சதே அதுதானுங்க.

—அதுலயும் ஒண்ணு இருக்குது பெருமாயி. இத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ஓமலூர்ல ரெஃப்ரி நிறுத்திட்டாரு. கோல்கீப்பருக்கு வேற நெறம் வேணும், இந்தாளு வெள்ளை போட்டுக்கிட்டு வரட்டும்னாரு. காத்தான் மூஞ்சி சுண்டிப்போச்சு. "அண்ணா, எல்லாருக்கும் செகப்பு, எனக்கு மட்டும் வெள்ளையா"ன்னான். ஆடற எடத்துலயாவது எல்லாரும் ஒண்ணா இருக்கோணும்னுதான அவன எங்களோட சேத்தினோம். நான் ரெஃப்ரி கையக் காலப் புடிச்சுச் செகப்பையே போட உட்டேன். பெரிய நல்லது பண்ணிட்டேன்னு நெனப்பு எனக்கு. வெள்ளை போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

—பாதி ஆட்டத்துல மழை புடிச்சுது.

—புடிச்சுதா? கொட்டுச்சு. அஞ்சு நிமிசத்துல பதினோரு பேரும் ஆரத்தித் தண்ணிய ஊத்துன மாதிரி செகப்பா நிக்கறோம். ட்ரவுசரு செகப்பு, காலு செகப்பு, மூஞ்சியத் தொடைச்சா மூஞ்சி செகப்பு. ஓமலூர்க்காரனுங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறானுங்க. நாங்களுஞ் சிரிச்சோம். அப்பத்தான் அந்தப் பந்து வந்துச்சு.

—எடது பக்கம் பாஞ்சுதுங்க எங்கண்ணன்.

—பாஞ்சு புடிச்சான். கம்பத்துக்கு முட்டுக் குடுத்திருந்த கல்லுல பின்மண்டை பட்டுது. சத்தம் கேட்டுது எனக்கு. ஓடிப் போனேன். எந்திரிச்சு நின்னுக்கிட்டு, ஒண்ணுமில்லண்ணா, போங்கண்ணான்னான். முதுகெல்லாம் செகப்பா வழியுது. யாரு முதுகுல வழியல? என் முதுகுலயுந்தான் வழிஞ்சுது. எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு பெருமாயி, சத்தியமா வந்துச்சு. என்னடா இதுன்னு கேட்டேன். யாரோ சாயந்தான்னு சொன்னாங்க. சரின்னு ஓடிட்டேன். ஒரு கோல்ல ஜெயிச்சோம்.

—ஜெயிச்சுத் தூக்கிட்டு ஆடுனீங்க.

—ஆமா, அவனத்தான் தூக்கிட்டு ஆடுனோம். அந்த மண்டையோட. திரும்பி வரப்ப பஸ்ஸுல எம்பக்கத்துல ஒக்காந்திருந்தான். தலை வலிக்குதுண்ணான்னான். மழையில நனைஞ்சயல்ல, தூங்குடான்னேன். என் தோள்ல சாஞ்சான். ஊரு வந்ததும் எழுப்புனேன். எந்திரிக்கல. அவ்வளவுதான். அழுவாத அம்மிணி. நீ அழுதா நான் என்ன பண்ணுவேன்?

—சொல்லுங்கண்ணா. முடிச்சுருங்க.

—அமாவாசை கழிஞ்ச மறுநா பட்டறை அடுப்பப் பத்த வெச்சேன். கொதிக்க வெக்கறதுக்கு வெச்ச அதே வெறகு. பத்துப் பனியனையும் அதுலயே போட்டு எரிச்சேன். அவம் பனியன் அவனோட போயிருச்சு. நோட்டுல அந்த நாலு பக்கத்தையுங் கிழிச்சு அடுப்புல போட்டேன். பத்துப் பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம், இதப்பத்திப் பேசறதில்லைன்னு. பொங்கலுக்கு நீலம் நனைச்சேன். அந்த நீலத்த மூணு தடவை கொதிக்க வெச்சேன், பைத்தியக்காரனாட்ட. பொறகு மழை பேஞ்சா நான் ஆட மாட்டேன். ரெண்டு வருசத்துல காலு வலின்னு சொல்லி உட்டுட்டேன்.

—பாவமுங்கண்ணா நீங்க.

—நானா பாவம்? ஒரு அடுப்புப் பத்த வெக்கறதுக்குப் பயந்தவன் நான். ரத்தத்தச் சாயம்னு நெனச்சு ஓடிப்போனவன் நான். அத்தன கூட்டத்துல ஒருத்தராவது அது ரத்தம்னு பாத்திருந்தா, சேலம் பெரியாசுபத்திரி எவ்வளவு தூரம்? ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாம மறைச்சது என் சாயம். அதச் சொல்லத் தைரியமில்லாமத்தான் நீலம் நீலம்னு சாதிச்சேன். செகப்புன்னு சொன்னா ஏன் மாத்துனேன்னு கேப்பாங்க. கேட்டா அவம் பேரு வரும்.

—மாமா! பிரபாகர் லைன்லயே இருக்கறான். என்னங்க, ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு இருக்கறீங்க?

—எழுதிக்கோ ஈஸ்வர். செகப்பு. நல்ல ரத்தச் செகப்பு.

—நெசமாவா மாமா? அப்ப ஒண்ணாம் நம்பரு?

—காத்தான். பெருசா போடச் சொல்லு. ஓமலூர்ல ஆடுன மொத மேட்ச்ச நான் முழுசா எழுதித் தாரேன். மலர்ல மொத பக்கத்துல போடு. அவன் எப்படிச் செத்தான்ங்கறதும் அதுல இருக்கும். தண்டாயுதபாணி சாயத்தக் கொதிக்க வெக்கலங்கறதும் இருக்கும்.

—விழா மலர்ல சாவெல்லாம் எதுக்குங்க மாமா? கமிட்டியில…

—அப்ப எம்பேர எடுத்துரு. அவம் பேருக்கு எடம் ஆகும்.

—சரி சரி, அப்பறம் பேசிக்கலாம். அலோ, பிரபாகர், செகப்பு! செகப்புப்பா! ஒண்ணாம் நம்பரு காத்தான். க, துணைக்கால். எழுதறயா? இரு, வண்டிகிட்ட வந்து சொல்றேன்.

—…பாத்தயா பெருமாயி. சொல்லிட்டேன். இத்தன வருசம் நெஞ்சுல ஒரல் கல்லு வெச்ச மாதிரி இருந்துச்சு.

—நல்லதுங்கண்ணா. ஆனா உங்க பேர்ல குத்தம்னு எழுத வேண்டாமுங்க.

—ஏன் வேண்டாம்? நெசந்தான அது?

—நீங்க சொன்னதுல ஒண்ணு மட்டும் நெசமில்லீங்க.

—எது?

—ஒருத்தரும் பாக்கலைன்னீங்களே.

—யாரு பாத்தாங்க?

—நான் கம்பத்துக்குப் பொறத்தால அண்ணனோட துண்ட வெச்சுக்கிட்டுத்தான ஒக்காந்திருந்தேன். உழுந்து எந்திரிச்சதும் எங்கிட்டத்தான் வந்துச்சுங்க. குனிஞ்சு பின்மண்டையக் காட்டுச்சு. தொடைச்சு உட்டேன்.

—நீ சின்னப் புள்ள. சாயம்னு நெனச்சிருப்பே.

—"யாராச்சுங் கேட்டா சாயம்னு சொல்லு புள்ள"ன்னுச்சுங்க. "வெளிய ஒக்கார வெச்சுருவாங்க, நிக்கறதுக்கு வேற ஆளில்ல. ஜெயிச்சுட்டா மிச்சச் சாயத்துல உனக்கு ஒரு பாவாடை நனைச்சுத் தாரேன்"னுச்சு. எனக்குச் செகப்புப் பாவாடைன்னா உசுருங்க. அப்பறம் நீங்க ஓடி வந்தீங்க. என்னடா இதுன்னு கேட்டீங்க. அண்ணன் பேசல.

—யாரோ சொன்னாங்களே…

—நாந்தானுங்கண்ணா சொன்னேன்.

—ஒம்பது வயசு அம்மிணி உனக்கு. ஒம்பது வயசுல எது ரத்தம் எது சாயம்னு என்ன தெரியும்?

—மழையில ஓடுன சாயம் சில்லுன்னு இருந்துச்சுங்க. என் கையில பட்டது சுட்டுச்சு.